மெடிக்கல் கையில, லீவு எங்கே? திருகோணமலை ஊழியருக்குத் திறந்திருக்கும் சேவைகள்: ஒரு மதிப்பாய்வு

தனியார் துறையில் வேலை செய்யும் பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றை முதலிலேயே உடைத்துவிட வேண்டியிருக்கிறது. இலங்கையின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் 'மெடிக்கல் லீவு' என்று தனியாக ஒன்று கிடையாது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தருவது வருடாந்த லீவு 14 நாளும், சமயோசித லீவு (கஷுவல் லீவு) 7 நாளும். அந்த 7 நாளுக்குள்தான் சொந்த அலுவல், சுகயீனம், வேறு நியாயமான காரணம் எல்லாம் அடங்கவேண்டும். நியமனக் கடிதத்தில் '14 நாள் மருத்துவ விடுமுறை' என்று எழுதியிருந்தால் அது கம்பனி தன் விருப்பத்தில் கொடுத்த வாக்குறுதி. எழுத்தில் இருப்பதால் அதைக் கேட்டு வாங்கலாம். எழுத்தில் இல்லையென்றால் வைத்தியர் எத்தனை நாள் எழுதிக்கொடுத்தாலும், அந்த 'மெடிக்கல்' நீங்கள் வராததற்கான காரணத்தை மட்டுமே நிரூபிக்கும், சம்பளத்தைக் கொண்டுவராது.

தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே இந்த மதிப்பாய்வு ஒரு கட்டடத்தையோ ஓர் உத்தியோகத்தரையோ பற்றியதல்ல. நோயோடு அல்லது உடல் இயலாமையோடு வேலை செய்யும் ஒருவர் திருகோணமலையில் இருந்துகொண்டு எந்தச் சேவையிடம் எதைக் கேட்கலாம், எது கிடைக்கும், எது கிடைக்கவே கிடைக்காது என்பதைப் பற்றியது.

லீவுக் கணக்கு: சின்னதுதான், ஆனால் தப்பாமல் போடவேண்டும்

14 நாள் வருடாந்த லீவில் 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்கவேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். ஆக, நோயாளி ஒருவர் தேவைப்படும்போது பிரித்துப் பிரித்து எடுக்கக்கூடியது மிஞ்சிய 7 நாளும் சமயோசித லீவு 7 நாளும், மொத்தம் 14. வேலையில் சேர்ந்த முதல் வருடத்தில் இதுவும் இல்லை. சேவை செய்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் வீதம் சமயோசித லீவு சேரும். வருடாந்த லீவு அடுத்த நாட்காட்டி வருடத்தில்தான் வரும். அதுவும் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: ஜனவரி தொடக்கம் மார்ச் வரை சேர்ந்தால் 14 நாள், ஏப்ரல் தொடக்கம் ஜூன் என்றால் 10, ஜூலை தொடக்கம் செப்டெம்பர் என்றால் 7, அதன்பின் 4.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்துக் கடற்கரை விடுதிகளில் சீசனுக்கு வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இது நேரடியாக வலிக்கும் கணக்கு. ஏப்ரலில் சேர்ந்து செப்டெம்பர் முடிய வேலை செய்தால் கையில் இருப்பது மூன்று நாள் சமயோசித லீவு. ஒரு டெங்குக் காய்ச்சல் அதைத் தின்றுவிட்டு இன்னும் ஒரு கிழமை 'நோ பே' கேட்கும். 'நாங்கள் ஹோட்டல், கடை இல்லை' என்று சில நிர்வாகங்கள் சொல்லும். அது சரியல்ல, தங்கு விடுதியும் சாப்பாட்டுக் கடையும் இந்தச் சட்டத்தில் 'கடை' என்ற வரையறைக்குள் வருபவை. சீனக்குடாப் பக்கத்து ஆலைத் தொழிலாளர், கட்டட வேலையாட்கள் போன்றோர் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டத்தின் கீழ் வருவார்கள். அங்கே வருடாந்த லீவு உண்டு, ஆனால் கடை, அலுவலகச் சட்டம் தரும் அந்த 7 நாள் சமயோசித லீவை எதிர்பார்த்துப் போகக்கூடாது. நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் என்று தெரியாமல் முறைப்பாடு எழுதினால், விசாரணையின் முதல் தவணை அதைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும்.

மாதாந்த கிளினிக் உள்ளவர்களுக்கு ஒரு சிறு தந்திரம். பெரியாஸ்பத்திரியில் மாதம் ஒரு கிளினிக் என்றால் வருடத்துக்கு 12 நாள். முழு நாள் லீவாகப் போட்டால் சமயோசித லீவு ஓகஸ்டைக் காணாது. அரைநாளாகப் போட்டால் மொத்தமே 6 நாள். 7க்குள் அடங்கிவிடும், ஒரு நாள் கையிலும் நிற்கும். அரைநாளாகப் பிரித்துக் கொடு என்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் அரைநாள் வழக்கம் இருக்கிறது. வருடத் தொடக்கத்திலேயே கிளினிக் கொப்பியின் திகதிப் பக்கத்தைப் போட்டோ கொப்பி எடுத்து, 12 திகதிக்கும் ஒரே கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். மாதாமாதம் போய்க் கெஞ்சும்போதுதான் மறுப்பு வரும்.

கிழமைக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டியவருக்கு எந்தக் கணக்கும் உதவாது. வருடத்துக்கு 104 நாள். பதவி சிறிபுர என்ற ஊரிலிருந்து வரும் சிறுநீரக நோயாளிக்கு லீவைக் கூட்டிக் கழித்து ஒரு தீர்வும் வராது. வேலை நேரத்தையே மாற்றவேண்டும். அங்கேதான் நமது சட்டம் வாய் மூடுகிறது.

மாவட்டத் தொழில் அலுவலகம்: பணம் என்றால் நம்பலாம், வசதி என்றால் இல்லை

சட்டத்தில் எழுதியிருக்கும் லீவைத் தராதது, லீவு நாளுக்குச் சம்பளம் வெட்டியது, ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டாதது: இவைகளுக்கு இந்தச் சேவை உண்மையாகவே வேலை செய்யும். கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. நேரில் எழுதிக் கொடுக்கலாம், தபாலில் அனுப்பலாம், திணைக்களத்தின் இணையவழி முறைப்பாட்டு முறையும் இருக்கிறது. முறைப்பாடு பதிந்தபின் தொழில் உத்தியோகத்தர் இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார். சம்பளப் பதிவேடும் வரவுப் பதிவேடும் கொண்டுவரச் சொல்லி முதலாளியைக் கேட்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஊழியரிடம் இல்லாத ஆயுதம் அதுதான்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டைப் பிரதி, நியமனக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளத் துண்டு, லீவுக் கடிதங்களின் பிரதி, மெடிக்கல், வைத்தியசாலையில் தங்கியிருந்தால் நோய் நிர்ணய அட்டை. நியமனக் கடிதம் இல்லையென்று பலர் முறைப்பாடே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். வங்கிப் புத்தகத்தில் சம்பளம் விழுந்த வரி, சேமலாப நிதி அறிக்கை, மேற்பார்வையாளர் 'நாளைக்கு 6 மணிக்கு வா' என்று அனுப்பிய வாட்ஸ்அப், எல்லாமே வேலை உறவுக்குச் சான்றுதான்.

முறைப்பாட்டில் அடிக்கடி நடக்கும் பிழை, மனக்குறையை எழுதிவிட்டுக் கோரிக்கையை எழுதாமல் விடுவது. 'மனேஜர் என்னை மரியாதை இல்லாமல் நடத்தினார்' என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கும். எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு ரூபா வெட்டப்பட்டது என்பது இருக்காது. உத்தியோகத்தருக்குத் தேவை பின்னையது. 'மார்ச் மாதச் சம்பளத்தில் 3 நாளுக்கு வெட்டிய தொகை; அந்த 3 நாளும் எனது சமயோசித லீவில் மீதமிருந்தவை' என்று ஒரு வரி போதும்.

ஆனால், 'எனக்குக் கதிரை தரமாட்டேன் என்கிறார்கள்', 'இரவு ஷிப்டை மாற்றமாட்டேன் என்கிறார்கள்' என்று போனால் உத்தியோகத்தர் கேட்டுக்கொள்வார், முடிந்தால் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்வார். கட்டாயப்படுத்த அவர் கையில் சட்டப்பிரிவு இல்லை. தனியார் வேலைத்தளத்தில், வேலைக்குச் சேர்ந்தபின் நோய்க்கோ இயலாமைக்கோ ஏற்ப வேலையை மாற்றிக்கொடு என்று முதலாளிக்கு நேரடியாகக் கட்டளையிடும் ஏற்பாடு எதுவும் நம் தொழில் சட்டங்களில் இல்லை. இதற்கு மிக அண்மித்து வருவது தாய்ப்பால் இடைவேளை: பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு இரண்டு தரம், பிள்ளையைப் பராமரிக்கும் இடம் வேலைத்தளத்தில் இருந்தால் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். உடலின் தேவைக்காக வேலை நேரத்தை வெட்டலாம் என்று சட்டம் ஏற்கெனவே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே தர்க்கத்தை முதுகெலும்பு வரைக்கும் நீட்டத்தான் இன்னும் மனம் வரவில்லை.

'லைட் டியூட்டி' என்ற இரண்டு சொல்லும் அது கெடுக்கும் வேலையும்

சட்டம் விட்ட இடைவெளியை நிரப்பக்கூடியது ஒரேயொரு பொருள்: வைத்தியரின் கடிதம். அது எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

'லைட் டியூட்டி மட்டும்' என்று எழுதிய துண்டு கிட்டத்தட்டப் பயனற்றது. எது லைட் என்று முதலாளி தீர்மானிப்பார். சீமெந்து மூட்டை தூக்குகிறவருக்கு 50 கிலோவிலிருந்து 25 கிலோ மூட்டைக்கு மாற்றியதே லைட் டியூட்டி என்று வாதாடலாம். 'வேலைக்குத் தகுதியற்றவர்' என்று எழுதிய துண்டு அதைவிட ஆபத்து. வைத்தியர் ஓய்வு கொடுக்கும் நல்லெண்ணத்தில் எழுதியிருப்பார். நிர்வாகத்தின் கோப்பில் அது உங்களை அனுப்பிவிடுவதற்கான காரணமாக உட்கார்ந்திருக்கும். 'எந்தத் திகதி வரை' என்று இல்லாத 'தகுதியற்றவர்' என்ற சொல்லை வாங்கிக்கொண்டு வெளியே வராதீர்கள்.

கடிதத்தில் நான்கு விடயம் வேண்டும். இவர் செய்யக்கூடியது என்ன, செய்யக்கூடாதது என்ன, எவ்வளவு காலத்துக்கு, அடுத்த பரிசோதனை எப்போது. இதில் முதலாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். செய்யக்கூடியதை எழுதாத கடிதம் நோயாளியை அறிமுகப்படுத்துகிறது; எழுதிய கடிதம் ஊழியரை அறிமுகப்படுத்துகிறது. விடுதியில் அறை துப்புரவு செய்யும் ஒருவருக்கு முதுகுத் தட்டு விலகியிருந்தால் கடிதம் இப்படி இருக்கலாம்: 'நின்று செய்யும் வேலை, துணி மடித்தல், தளபாடம் துடைத்தல் செய்யலாம். 5 கிலோவுக்கு மேல் தூக்கவோ, மெத்தையைப் புரட்டவோ, குனிந்து தரை தேய்க்கவோ கூடாது. 45 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் உட்காரவேண்டும். 12 வாரம். மறு பரிசோதனை இந்தத் திகதியில்.' இலக்கங்களை வைத்தியர்தான் தீர்மானிக்கவேண்டும். ஆனால் கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் அவருக்கு உங்கள் வேலை என்னவென்று தெரியாது. நாளொன்றில் நீங்கள் செய்யும் வேலைகளை ஒரு தாளில் பத்து வரியில் எழுதி, எத்தனை கிலோ, எத்தனை படி, எத்தனை மணி நேரம் என்று போட்டு அவர் முன் வையுங்கள். நோயை விளக்குவது அவர் வேலை, வேலையை விளக்குவது உங்கள் வேலை.

ஒவ்வொரு நோய்க்கும் கேட்கவேண்டியது வேறு. வலிப்பு நோய் உள்ளவருக்கு ஏணி, ஆழ எண்ணெய்ச் சட்டி, படகு, ஓடும் இயந்திரம் ஆகியவற்றிலிருந்து விலகலும், தூக்கம் கெடும் இரவு ஷிப்டிலிருந்து விலக்கும். இன்சுலின் போடுகிறவருக்கு மருந்து வைக்கக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மூலை, நேரம் தவறாத சாப்பாட்டு இடைவேளை, காலில் புண் இருந்தால் கல்லாவுக்குப் பின்னால் ஒரு உயரக் கதிரை. கதிரை கொடுத்தால் 'வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லை' என்று சொல்லும் முதலாளிமார் நமது ஊரில் இன்னும் உண்டு. கதிரை எந்த வியாபாரத்தையும் கெடுத்ததாகத் தெரியவில்லை. காது கேளாதவருக்கு வாய்மொழி உத்தரவுக்குப் பதில் வாட்ஸ்அப்பில் எழுத்து. மன அழுத்த நோய்க்கு மருந்து எடுப்பவர், நோயின் பெயரை எழுதாமல் 'காலை 9 மணிக்கு முன் தொடங்கும் ஷிப்ட் தவிர்க்கப்படவேண்டும், 8 வாரம்' என்று தேவையை மட்டும் எழுதித் தரும்படி வைத்தியரைக் கேட்கலாம். வேலைத்தளத்தில் கதை பரவும் வேகம் எல்லோருக்கும் தெரிந்ததே.

கடிதம் கிடைத்ததும் அதனோடு உங்கள் சொந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் போகவேண்டும். முதல் பந்தியில் பதவி, சேவைக்காலம். இரண்டாவதில் வைத்தியர் சொன்னது. மூன்றாவதில் கேட்பது, அதுவும் முதலாளிக்குச் செலவு குறைந்த வடிவில்: 'சக ஊழியர் ஒருவரோடு மெத்தை வேலையையும் துணி மடிப்பு வேலையையும் 12 வாரத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கோருகிறேன்.' கடைசி வரியில் '14 நாளுக்குள் எழுத்தில் பதில் தருமாறு வேண்டுகிறேன்' என்று ஒரு திகதி. ஒரு பிரதியில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைக் கிளினிக் கொப்பிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். பதில் வராவிட்டாலும் இந்தக் கடிதம் வீண் போகாது. பின்னால் வேலை போனால், நீங்கள் வேலை செய்யத் தயாராக இருந்தீர்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

வேலையை விட்டு நிறுத்தினால்: இங்கே சேவை உறுதியானது, கடிகாரம் மட்டும் கொடியது

நோயைக் காரணம் காட்டி நிறுத்துவது ஒழுக்காற்று நடவடிக்கை அல்ல. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழில் முடிவுறுத்தல் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்தில் 180 நாளுக்குக் குறையாமல் சேவை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதானால் ஊழியரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது சட்டப்படி செல்லாது. மீண்டும் வேலையும் பின் சம்பளமும் கொடுக்கும்படி கட்டளையிடலாம். நட்டஈடு என்று போனால் 2021இலிருந்து உச்சத்தொகை 25 இலட்சம் ரூபா. முறைப்பாடு செய்ய ஆறு மாதம் மட்டுமே.

15 பேருக்குக் குறைவான கடை என்றால் 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாயசபை. அங்கும் ஆறு மாதம். சுகயீனத்தில் படுத்திருப்பவருக்கு ஆறு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். 'முதலில் குணமாகட்டும், பிறகு பார்ப்போம்' என்று வீட்டார் சொல்வதை இந்த ஒரு விடயத்தில் கேட்காதீர்கள். தொழில் அலுவலகத்தில் சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக நியாயசபைக் கடிகாரம் நிற்கும் என்றும் நினைத்திருக்கக்கூடாது.

முதலாளிமார் 'நிறுத்தினோம்' என்று சொல்வது அபூர்வம். 'தானாக வேலையைக் கைவிட்டுவிட்டார்' என்பார்கள். காரணம் இருக்கிறது. நிறுத்தியதை ஒப்புக்கொண்டால் அது நியாயமானது என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில். கைவிட்டார் என்றால் நிறுத்தினார்கள் என்று நிரூபிக்கும் சுமை ஊழியர் தலைக்கு மாறுகிறது. ஆனால் கைவிடுதல் என்பதற்கு வராமல் இருந்தது மட்டும் போதாது, விட்டுவிடும் எண்ணமும் இருந்திருக்கவேண்டும். நெல்சன் டி சில்வா எதிர் அரச பொறியியல் கூட்டுத்தாபனம் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வைத்தியசாலைக் கட்டிலில் படுத்துக்கொண்டே அனுப்பிய ஒரு வாட்ஸ்அப், பதிவுத் தபாலில் போன ஒரு மெடிக்கல், 'குணமானதும் வருவேன்' என்ற ஒரு வரி: அந்த எண்ணம் இல்லை என்பதற்கு இவை போதிய ஆதாரம். 'மூன்று நாளுக்குள் வராவிட்டால் பதவி வெறிதாகும்' என்று கடிதம் வந்தால் அதே கிழமையில் பதில் போகவேண்டும். மௌனமாக இருந்தால் அதையே எண்ணமாக எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு பொறி, இராஜினாமாக் கடிதம். 'நீங்களே எழுதிக் கொடுத்தால் சேமலாப நிதியைச் சீக்கிரம் எடுக்கலாம்' என்று நயமாகக் கேட்பார்கள். அந்தக் கையெழுத்தோடு மேலே சொன்ன பாதுகாப்பு அத்தனையும் போய்விடும்.

வேலையில் அடிபட்டால்

இது தனிச் சேவை, தனி அலுவலகம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தைப் பார்ப்பது கொழும்பிலுள்ள வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர். 2022 திருத்தம் இரண்டு பெரிய மாற்றம் செய்தது: உச்ச நட்டஈடு ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சத்துக்கு உயர்ந்தது, வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தும் உள்ளே வந்தது. கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் சீனக்குடாவுக்கு வேலைக்கு வரும் ஒருவர் பாலத்தில் விழுந்தால், 'அது ரோட்டு விபத்து, கம்பனிக்குச் சம்பந்தமில்லை' என்ற பதில் இனிச் செல்லாது. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போகும் காயமாக இருக்கவேண்டும்.

வழக்கு பழுதாவது பெரும்பாலும் வைத்தியசாலை வாசலில். அனுமதிக்கும்போது 'எப்படி அடிபட்டது?' என்று கேட்பார்கள். பயத்தில், அல்லது மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தபடி, 'வீட்டில் விழுந்தது' என்று சொன்னால் அது கட்டில் சீட்டில், அதாவது வைத்தியசாலையின் நோயாளிப் பதிவில், ஏறிவிடும். பிறகு அழிக்க முடியாது. எந்த இடம், எத்தனை மணி, வேலைக்கு வரும் வழியா, வேலையிலா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லவேண்டும். வழியில் நடந்ததென்றால் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் கட்டாயம். கம்பனி செலவு செய்து மருந்து வாங்கித் தந்துவிட்டு 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதச் சொன்னால், அப்படி உரிமையைத் துறக்கும் ஒப்பந்தத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. என்றாலும் எழுதிக் கொடுத்துவிட்டு ஏன் வழக்குப் பேசவேண்டும்?

இந்தச் சேவையின் குறை தூரம். 260 கிலோமீற்றர், இரவு ரயில், காலில் கம்பி போட்ட ஒருவர், துணைக்கு இன்னொருவர். முடிந்தளவு ஆவணத்தைத் தபாலில் முடித்து, நேரில் போகும் தவணைகளைக் குறைப்பதுதான் வழி.

நோய்க்குப் பணம்: நமது சொந்தக் காசு, மறந்துபோன காசு

சேமலாப நிதியில் 10 வருடம் பங்களிப்பும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் இருந்தால், 2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டப்படி வைத்தியச் செலவுக்கு 30 வீதம் வரை எடுக்கலாம். உச்சம் 20 இலட்சம். வீட்டுக் கடனுக்கு இது உண்டு என்று தெரிந்தவர்கள் வைத்தியத்துக்கும் உண்டு என்பதை அறியாமல் வட்டிக்கு வாங்குகிறார்கள். நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய இயலாது என்று வைத்திய அத்தாட்சி இருந்தால் வயதெல்லைக்கு முன்பே முழுத் தொகையும் எடுக்கலாம். முதலாளி 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் (ETF) இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை பொருத்தல், நிரந்தர இயலாமை ஆகியவற்றுக்கு உதவித் திட்டங்கள் இருக்கின்றன. 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் முடித்தவர் நோயால் விலகினாலும் பணிக்கொடை உண்டு, மாதச் சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம். இவை ஒழுங்காகக் கிடைக்கும் சேவைகள். முதலாளி கட்டாமல் விட்டிருந்தால்தான் இழுபறி.

இயலாமைச் சட்டம்: வாசல் வரைக்கும் மட்டும்

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆட்சேர்ப்பில் இயலாமையைக் காரணம் காட்டிப் பாரபட்சம் கூடாது என்கிறது; கட்டடங்களை அணுகுவதிலும் கூடாது என்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம், இங்கேயே திருகோணமலையில் மாகாண மேல் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: சொல் 'ஆட்சேர்ப்பு'. சேர்ந்தபின் பதவி உயர்வு, வேலை மாற்றம், தேவையான வசதி பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. அரச துறை வெற்றிடங்களில் 3 வீதம் ஒதுக்கச் சொன்ன 27/88 சுற்றறிக்கையும் சேர்ப்பதோடு நிற்கிறது. இலங்கை 2016 பெப்ரவரியில் இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்றுக்கொண்டது; நியாயமான வசதி செய்து கொடுக்காததே பாரபட்சம் என்று அது சொல்கிறது. உள்நாட்டுச் சட்டமாக அது இன்னும் இறங்கவில்லை. கடிதத்தில் மேற்கோள் காட்டலாம், வழக்கின் ஒரே தூணாக வைக்க முடியாது.

கட்டட அணுகல் மட்டும் கொஞ்சம் உறுதியான தரை. 2006 ஒக்டோபர் ஒழுங்குவிதிகளும், கலாநிதி அஜித் பெரேரா வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளையும் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களுக்குச் சாய்தளமும் கழிவறையும் கேட்கின்றன. வாடிக்கையாளர் வரும் வங்கி, விடுதி, அலுவலகம் ஒன்றில் வேலை செய்பவர் 'எனக்காக' என்று கேட்பதைவிட 'ஒழுங்குவிதிப்படி' என்று கேட்டால் கேள்வியின் எடை கூடும்.

அரச ஊழியருக்கு நிலைமை வேறு. அரச சேவைக்கான விதித்தொகுப்பான தாபன விதிக்கோவைப்படி வருடத்துக்கு 21 நாள் சமயோசிதமும் 24 நாள் ஓய்வு லீவுமாக 45 நாள் இருக்கிறது. அதற்கு மேலும் அரைச் சம்பள, சம்பளமற்ற லீவுகள் உண்டு. மறுக்கப்பட்டால் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, சமத்துவ உரிமை. ஆனால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. மாகாண சபை ஊழியர்கள் நிறைந்த ஊரில் இந்த ஒரு வரி தெரியாமல் கைவிட்ட வழக்குகள் எத்தனையோ. தனியார் கம்பனிக்கு எதிராக இந்தக் கதவு திறக்காது. தனியார் துறை ஊழியர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போகலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், ஆகவே சம்பளத் துண்டோடு போங்கள்.

விசாரணை நாளுக்கு முன் இரண்டு விடயம். மாடி ஏற முடியாதென்றால் கீழ்த்தளத்தில் விசாரிக்கும்படி அழைப்புக் கடிதம் வந்த உடனேயே எழுத்தில் கேட்கவேண்டும். காலையில் படியடியில் நின்று கேட்டால் தவணை தள்ளிப்போகும். கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசித்து அர்த்தம் கேட்டுத் திருப்தியடையாமல், தமிழில் தரும்படி பதிலெழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. அந்தப் பதிலின் திகதிதான், மேல்முறையீட்டுக்கு நாள் எண்ணும்போது, உங்களுக்கு எப்போது விளங்கியது என்பதைக் காட்டப் பயன்படும். ஆனாலும் பாதுகாப்புக்காக நாளைச் சிங்களக் கடிதத்தின் திகதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.